பார்வையற்றோரின் தற்காப்பு: துப்பாக்கி உரிமமா, சட்டப் பாதுகாப்பா?

திருப்பதி: சித்தூர், திருப்பதி மாவட்டங்களில் வாழும் பார்வை மாற்றுத்திறனாளிகள் தற்காப்புக்காகத் துப்பாக்கி உரிமம் பெறுவது எளிதன்று. 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகள் விண்ணப்பதாரரிடம் மருத்துவச் சான்று கோருகின்றன. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், 2011இல் நடைமுறைக்கு வந்த சட்டத்தால் பார்வையற்றோரும் உரிமம் பெற்றனர். இந்தியாவில் ஆயுதம் வைத்திருப்பது அடிப்படை உரிமை அன்று என்பதை 2023இல் உச்ச நீதிமன்றம் சுட்டிக்காட்டியது.

எனினும், தற்காப்பு உரிமையைப் பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் அனைவருக்கும் அளிக்கின்றன. தாக்கப்படலாம் என்ற அச்சம் இருந்தாலே நிர்வாக நடுவரிடம் தெரிவிக்கலாம். அவர் உரிய நடவடிக்கை எடுக்க வேண்டும் என்கிறது மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 7ஆவது பிரிவு. அந்த உரிமையையும் இலவசச் சட்ட உதவியையும் பாதிக்கப்பட்டவருக்கு எடுத்துரைப்பது காவல்துறையின் கடமை. துப்பாக்கி எட்டாதவருக்கு இப்பிரிவே கேடயம். அதைக் காவல் நிலையம் மறந்தால் அவர் நிராயுதபாணியே.