பந்தின் நதிமூலம்

நதிமூலம், ரிஷிமூலம் பார்க்கக் கூடாது என்பார்கள். அமெரிக்காவில் பழைய பேஸ்பால் கையெழுத்துகளைச் சேர்ப்பவர்களில் பலர் இந்தப் பழமொழியைக் கேள்விப்படாமலேயே கடைப்பிடிக்கிறார்கள். புகழ்பெற்ற ஆட்டக்காரர் பேப் ரூத் கையெழுத்திட்ட பந்து என்று ஒன்று ஏலத்துக்கு வந்தால், முதலில் தேடுவது கூடவே வரும் சான்றிதழைத்தான். 'அசல்' என்று அதில் இருந்துவிட்டால் பணம் கைமாறிவிடும். அந்தப் பந்து யாருக்காக, எங்கே கையெழுத்தானது, இத்தனை காலம் யார் வீட்டுப் பரணில் கிடந்தது என்றெல்லாம் விசாரிப்பவர்கள் குறைவு. இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும் என்பதே என் வாதம். எங்கிருந்து வந்தது என்பதை முதலில் கேட்க வேண்டும். அசலா, போலியா என்பது அதற்குப் பிறகுதான்.

அப்படிக் கேட்பவருக்கு முதல் சாட்சி பந்துதான். ரூத் ஆடிய அமெரிக்கன் லீக்கின் அதிகாரபூர்வப் பந்துகளில் லீக் தலைவரின் பெயர் அச்சாகியிருக்கும். வில் ஹாரிட்ஜ் பெயர் இருந்தால் 1931க்கும் 1959க்கும் இடைப்பட்டது. ஜோ க்ரோனின் பெயர் இருந்தால் 1959க்குப் பிந்தையது. ரூத் இறந்தது 1948 ஆகஸ்டில். ஆகவே க்ரோனின் பெயர் அச்சான பந்தில் ரூத்தின் கையெழுத்து எவ்வளவு அழகாக இருந்தாலும் அது செத்தவர் போட்ட கையெழுத்து. தையலையும் பாருங்கள். 1930களின் தொடக்கம் வரை அந்த லீக்கின் பந்தில் சிவப்பும் நீலமுமாக இரட்டை நூல் ஓடியது. பிறகுதான் முழுச் சிவப்பு. மேல்தோல் 1974 வாக்கில் குதிரைத்தோலிலிருந்து மாட்டுத்தோலுக்கு மாறியது. பால்பாயின்ட் பேனா அமெரிக்கக் கடைகளுக்கு வந்தது 1945 அக்டோபரில். ரூத்தின் அணித் தோழர் லூ கெரிக் காலமானது 1941இல். பால்பாயின்ட்டில் எழுதிய கெரிக் கையெழுத்தைத் தூக்கிப் போட நிபுணர் யாரும் வேண்டாம். எழுத்தின் சுழிவை எவ்வளவு பழகியவரும் நூலின் நிறத்தை மறந்தால் அகப்பட்டுக்கொள்வார்.

மோசடிக்காரர்கள் இதையெல்லாம் கற்றுக்கொள்ள மாட்டார்களா என்று கேட்கலாம். கற்றுக்கொண்டார்கள். 1990களின் கடைசியில் எஃப்.பி.ஐ. நடத்திய 'ஆபரேஷன் புல்பென்' விசாரணையில் பிடிபட்ட கும்பல், பழைய பந்துகளைத் தேடிப் பிடித்து அவற்றில் கையெழுத்துகளைப் போட்டு விற்றது. சிக்கிய சரக்கில் அன்னை தெரசா கையெழுத்திட்டதாகச் சொல்லும் பேஸ்பால்கூட இருந்தது! அதே காலத்தில் சான் டியேகோ அணியின் நட்சத்திரம் டோனி க்வின், தன் அணியின் கடையிலேயே தன் பெயரில் போலிக் கையெழுத்துகள் விற்பனைக்கு இருப்பதைக் கண்டார். அந்தக் கும்பலின் பொருள்களுக்கெல்லாம் முறையான தோற்றத்தில் சான்றிதழ் இருந்தது என்பதுதான் கவனிக்க வேண்டியது. நாணயமான சான்றும் தவறலாம். 2007இல் 28 லட்சம் டாலருக்கு விலைபோன, உயர்ந்த தர மதிப்பெண் பெற்றிருந்த பழைய ஆட்டக்காரர் ஹோனஸ் வாக்னரின் படம் அச்சான பேஸ்பால் அட்டையின் ஓரங்களை வெட்டிச் சீராக்கியது தானே என்று அதைக் கைமாற்றிய வியாபாரி பின்னாளில் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார்.

இன்னொரு காரணமும் உண்டு. எனக்கு அதுவே முக்கியமாகப் படுகிறது. அசல், போலி என்ற இரண்டே பெட்டிக்குள் இந்தப் பொருள்கள் அடங்குவதில்லை. நட்சத்திர ஆட்டக்காரர்களுக்காக உடைமாற்றும் அறை ஊழியர்களும் மட்டை எடுத்துக் கொடுக்கும் பையன்களும் பந்துகளில் கையெழுத்திட்டுத் தள்ளியது அந்தக் காலத்தில் சகஜம். அக்கால ஆட்டக்காரர் ஷூலெஸ் ஜோ ஜாக்சனுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவர் பெயரில் மனைவி கேட்டிதான் பெரும்பாலும் கையெழுத்திட்டார். கணவர் சிரமப்பட்டுத் தன் கையால் எழுதியவை மிகச் சொற்பம். 1911இல் எடுத்த, அவர் கையெழுத்துள்ள படம் ஒன்று 2021இல் 14 லட்சம் டாலருக்கு மேல் போனது அதனால்தான். அப்படியானால் கேட்டியின் கையெழுத்தை என்ன செய்வது? சந்தைக்கு அது வெறும் கழிவு. அந்தக் குடும்பத்தின் வாழ்க்கையைத் தெரிந்துகொள்ள விரும்புகிறவருக்கு அது முதல் தர ஆவணம். வந்த வழி தெரிந்தால்தான் இந்த வேறுபாடும் தெரியும்.

சாதாரண ரசிகர் ஒருவர் இத்தனை ஆராய்ச்சிக்கு எங்கே போவார், சான்றிதழ் இல்லாமல் வியாபாரமே நடக்காதே என்பது நியாயமான மறுப்பு. சான்றிதழே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மேஜர் லீக் பேஸ்பால் 2001இல் கொண்டுவந்த ஏற்பாட்டைப் பாருங்கள்: அதற்கென நியமிக்கப்பட்டவர் முன்னிலையில் கையெழுத்தானால்தான் எண்ணிட்ட ஹாலோகிராம் ஒட்டப்படும். அது நேரில் பார்த்தவரின் சாட்சியம். அரை நூற்றாண்டு கழித்து எழுத்தின் சாயலை வைத்துச் சொல்லும் தீர்ப்பு வெறும் அபிப்பிராயம். இரண்டையும் ஒரே பெயரால் விற்பதுதான் கோளாறு. மைதான வாசலில் சிறுவன் ஒருவன் வாங்கிய கையெழுத்துக்கு ரசீதா இருக்கும் என்றும் கேட்பார்கள். இருக்காது. 'முன்வரலாறு தெரியவில்லை' என்று ஏலப் பட்டியலில் அச்சிட்டுவிட்டு, அதற்கேற்ற விலை வைத்தால் யாருக்கும் நஷ்டமில்லை. அசலாக இருந்தால் போதும் என்ற எண்ணத்தின் ஆபத்து 2009இல் வெளிப்பட்டது. முன்னோடி மேலாளர் ஹாரி ரைட்டுக்கு வந்த பழங்கடிதங்கள் ஏலத்துக்கு வந்தபோது, அவை நியூயார்க் பொது நூலகத்திலிருந்து களவு போனவையா என்று எஃப்.பி.ஐ. விசாரிக்க நேர்ந்தது. கடிதம் அசலாக இருக்க இருக்க, கேள்வி கனமானதே தவிரக் குறையவில்லை.

சந்தை இதற்கெல்லாம் காது கொடுக்காது என்பவர்களுக்கு ரூத்தின் சட்டை ஒன்று பதில் சொல்லும். 1932 உலகத் தொடரில் அவர் அணிந்தது என்று 2005இல் விற்றபோது அதற்குக் கிடைத்தது 9,40,000 டாலர். பிற்பாடு அந்தத் தொடரின் புகைப்படங்களோடு துணியின் அடையாளங்களை ஒப்பிட்டு, அதே சட்டைதான் என்று உறுதிசெய்தார்கள். 2024இல் அது 2 கோடியே 41 லட்சம் டாலருக்குப் போனது. ஒரு சட்டைக்கு இது தகுமா என்பது வேறு கதை. இடைப்பட்ட ஆண்டுகளில் சந்தையே ஏறியது என்பதும் மெய். ஆனால், பணம் கொட்டிக் கொடுத்தவர் அந்தப் புகைப்படங்களை ஒதுக்கிவிட்டு விலை பேசியிருக்க மாட்டார்.