எண்ணிக்கை வேறு, அளவு வேறு

இது கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

போன வாரம் டெக்சாஸிலிருந்து ஒரு மாணவன் அழைத்தான். ஐ.டி.ஐ.யில் என்னிடம் ஃபிட்டர் படித்தவன், இப்போது அந்த நாட்டுக் குடிமகன். செர்பியாவில் செய்த சஸ்தாவா எம்70 துப்பாக்கி ஒன்றை வாங்கியிருக்கிறான். விசையை ஒருமுறை அழுத்தினால் ஒரு குண்டு மட்டும் போகும் செமி ஆட்டோமேட்டிக் வகை. அதில் முன்கைப்பிடி, விசை, போல்ட் மூன்றையும் தானே மாற்றப்போகிறானாம். "பத்துக்குள்ளதான் சார் வருது, சட்டப்படி சரி" என்றான். அவன் சொன்ன அந்த 'சரி'தான் என்னை எழுத வைத்தது.

அந்தப் பத்து என்ன கணக்கு? 1989 ஜனவரி 17 அன்று கலிபோர்னியாவின் ஸ்டாக்டன் நகரில், ஒரு தொடக்கப்பள்ளி மைதானத்தில் ஒருவன் சீனத் தயாரிப்பான ஏ.கே. வகைத் துப்பாக்கியால் சுட்டான். ஐந்து குழந்தைகள் இறந்தார்கள். எல்லோரும் கம்போடியா, வியட்நாம் அகதிக் குடும்பத்துப் பிள்ளைகள். அந்த ஆண்டே இத்தகைய துப்பாக்கிகளின் இறக்குமதிக்குத் தடை வந்தது. இறக்குமதி செய்ய முடியாததை உதிரிபாகங்களாக வரவழைத்து உள்ளூரில் பூட்டிவிடக் கூடாது என்று 1990இல் இன்னொரு சட்டம் போட்டார்கள். அதன் விதியில் 20 பாகங்களின் பட்டியல் இருக்கிறது. அவற்றில் வெளிநாட்டுப் பாகம் பத்துக்கு மேல் போகக் கூடாது. மேகசின் மட்டுமே மூன்று பாகமாகக் கணக்கு: கூடு, உள்ளே குண்டைத் தள்ளும் தட்டு, அடித்தட்டு.

அதனால் எந்தப் பாகத்தைக் கழற்றிவிட்டு எதைப் போடுகிறோம் என்பதைக் கவனிக்க வேண்டும். அமெரிக்க விசையைக் கழற்றி வெளிநாட்டு விசையைப் போட்டால் எண்ணிக்கை ஏறும். அமெரிக்க மேகசினை எடுத்துவிட்டுப் பழைய வெளிநாட்டு மேகசினைச் செருகினாலும் ஏறும். இதையெல்லாம் என் மாணவன் பிசகாமல் எண்ணி வைத்திருந்தான்.

ஆனால் சட்டம் கேட்பது பாகம் எங்கே பிறந்தது என்பதை. அது துப்பாக்கியில் ஒழுங்காக உட்காருமா என்று சட்டம் கேட்பதில்லை. அதை நாம்தான் கேட்க வேண்டும்.

அவன் வாங்கிய முன்கைப்பிடி உறையில் 'எல்லா ஏ.கே.வுக்கும் பொருந்தும்' என்று அச்சடித்திருந்ததாம். எம்70இன் கைப்பிடி, ரஷ்ய ஏ.கே.எம். கைப்பிடியை விட நீளம். உடல் தகடு ரஷ்யத்தில் 1 மி.மீ., இதில் 1.5 மி.மீ. பின்கட்டையைப் பூட்டும் முறையும் வேறு. குழல் நுனி மரையைப் பாருங்கள்: ஏ.கே.எம்.மில் 14 மி.மீ., இடது மரை. அதே குடும்பத்து ஏ.கே.74இல் 24 மி.மீ., வலது மரை. பெயர் ஒன்று என்பதற்காக அளவும் ஒன்றாகிவிடுமா?

"கொஞ்சம் அரம் போட்டு ராவினா உக்காந்திடும் சார்" என்றான். முன்கைப்பிடி மரத்தை ராவு, கெட்டுப்போனால் பணம்தான் போகும். போல்ட் அப்படியில்லை. குண்டின் உறையைப் பின்னாலிருந்து தாங்கிப் பிடிப்பது அதுதான். வேறு துப்பாக்கியிலிருந்து வந்த போல்ட்டைப் போட்டால் இடைவெளி மாறும். இடைவெளி கூடினால், சுடும்போது உறை கிழிந்து சூடான வாயு சுடுபவனின் முகத்துக்கே திரும்பலாம். குறைந்தால் போல்ட் முழுதாகப் பூட்டிக்கொள்ளாது. கண்ணால் பார்த்து இதைச் சொல்ல முடியாது. அதற்கென்றே 'கோ', 'நோ-கோ' கேஜ் இருக்கிறது. கோ போட்டால் போல்ட் மூட வேண்டும், நோ-கோ போட்டால் மூடக் கூடாது. இதை உனக்கு நான் முதல் வருஷமே லிமிட் கேஜ் பாடத்தில் நடத்தினேனே, தம்பி?

அந்தச் சட்டத்தைப் பற்றி என் கருத்தையும் சொல்லிவிடுகிறேன். பாகத்தின் பிறந்த ஊரை எண்ணுவதால் துப்பாக்கியின் வேகமோ வலுவோ குறைவதில்லை. ஐந்து குழந்தைகளின் சாவுக்குப் பின் வந்த பதில் இப்படி ஒரு கூட்டல் கணக்காக முடிந்தது எனக்கு வருத்தமே. என்றாலும் சட்டம் சட்டம்தான், அந்த மண்ணில் வாழ்பவன் கடைப்பிடிக்க வேண்டும். அதைக் கடைப்பிடித்ததாலேயே துப்பாக்கி பத்திரமானது என்று மட்டும் நினைக்கக் கூடாது.

துப்பாக்கியே இல்லாத நமக்கு இது எதற்கு என்று கேட்பீர்கள். குக்கருக்கு ஏதோ ஒரு கம்பெனியின் சேஃப்டி வால்வை 'எல்லாத்துக்கும் பொருந்தும்' என்று சொன்னதை நம்பி வாங்கி மாட்டுகிறோமே, அதுவும் இதே தப்புதான்.

அவனிடம் கடைசியாகச் சொன்னேன்: "எண்ணிக்கையை நீ பாரு. போல்ட்டையும் விசையையும் கேஜ் வச்சிருக்கிற துப்பாக்கி மெக்கானிக்கிட்ட கொடு. வேலை முடிஞ்சதும் குண்டு வேற, துப்பாக்கி வேறன்னு பூட்டி வை. வீட்டுல சின்னப் பையன் இருக்கான்."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "சனிக்கிழமை கொண்டுபோறேன் சார்" என்றான்.