பெட்டி யாருக்கு என்பதல்ல கேள்வி

பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

நம் புதுச்சேரியில் இப்போது பழைய பொருளுக்கு நல்ல மவுசு. ஒயிட் டவுன் பக்கம் போய்ப் பாருங்கள். உணவகச் சுவர்களில் பழைய கடிகாரம், பழைய நாற்காலி, சட்டம் போட்ட பழைய போட்டோ. ராணுவ உடுப்பில் விறைப்பாக நிற்கும் அந்த மனிதர் யாருடைய தாத்தாவோ. பெயர் சொல்ல ஆளில்லாமல் அங்கே தொங்குகிறார். அவர் வீட்டிலும் ஒரு காலத்தில் அந்தப் படத்துக்குப் பூப் போட்டிருப்பார்கள்.

கதை தெரியாமல் கைமாறிய பொருள் இரண்டு தலைமுறைக்குள் கடைக்குப் போய்விடும் என்பது என் கருத்து. பிள்ளைகளுக்குப் பொருளைக் கொடுப்பது எளிது. அதோடு சேர்ந்த நினைவைக் கொடுப்பதுதான் நம் வேலை.

எங்கள் வீட்டுப் பெட்டியை வைத்தே சொல்கிறேன். தாத்தா பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தா. பல வருடம் சைகோனில் இருந்தார். அங்கிருந்து கொண்டுவந்த கறுப்பு மெருகுப் பெட்டியின் மூடியில், முத்துச்சிப்பி ஓட்டை வெட்டிப் பதித்த மூன்று பறவைகள் பறக்கும். வீட்டில் அதற்குப் பெயர் சைகோன் பெட்டி. தாத்தா போட்ட கடுதாசிகளை ஆயா அதில்தான் வைத்திருந்தார். கடுதாசிகளைக் கரையான் தின்றுவிட்டது. பெட்டி மட்டும் இருக்கிறது.

அந்தப் பறவைகளைக் கொக்கு என்றுதான் இன்றைய பிள்ளைகள் சொல்கிறார்கள். கொக்கு இல்லை, காட்டு வாத்து. கொக்கு பறக்கும்போது கழுத்தை மடக்கிக்கொள்ளும், வாத்து நீட்டிக்கொண்டு பறக்கும். வாத்தை அந்தக் கைவினைஞர் சும்மா அழகுக்காகத் தேர்ந்தெடுத்திருக்க மாட்டார். சீன மரபில் காட்டு வாத்து என்றாலே கடிதம். ஹான் அரசின் தூதர் சூ வூவை வடக்கே பத்தொன்பது ஆண்டுகள் பிடித்து வைத்திருந்தார்கள். அவர் இறந்துவிட்டார் என்றும் சாதித்தார்கள். "எங்கள் அரசர் வேட்டையில் வீழ்த்திய வாத்தின் காலில் அவர் கடிதம் கட்டியிருந்தது" என்று ஒரு போடு போட்டு அவரை மீட்டதாகக் கதை. வியட்நாமுக்கும் அந்த மரபு போனது.

நமக்கும் இது புதிதல்ல. பிசிராந்தையார் கோப்பெருஞ்சோழனுக்குத் தூது சொல்ல அழைத்தது, குமரியிலிருந்து வடமலைக்குப் போகும் அன்னத்தை. புறநானூற்றில் 67-ஆவது பாட்டு. அந்த அன்னம் வரித்தலை வாத்தாக இருக்கலாம் என்பாரும் உண்டு. திருநெல்வேலி மாவட்டம் கூந்தன்குளத்துக்குக் குளிர்காலத்தில் வருகிறதே, அதே வாத்துதான். மங்கோலியா, திபெத் பக்கம் குஞ்சு பொரித்து, இமயமலையைத் தாண்டி வருகிறது. 7,000 மீட்டருக்கு மேலும் அது பறந்ததைக் கருவி பொருத்திப் பதிவு செய்திருக்கிறார்கள்.

அந்த வழி அதற்கு எப்படித் தெரியும்? ஐரோப்பாவில் குயில் வேறு பறவையின் கூட்டில் வளர்ந்து, பெற்றோரைப் பார்க்காமலே தனியாக ஆப்பிரிக்கா போய்ச் சேரும். அதற்கு வழி பிறவியிலேயே இருக்கிறது. வாத்து அப்படியல்ல. முதல் பயணத்தில் குஞ்சு தாய் தகப்பனோடு பறந்துதான் வழியைப் படிக்கிறது. 1993-இல் கனடாவில் பில் லிஷ்மன், ஜோ டஃப் என்ற இருவர், மனிதர் கையில் வளர்ந்த 18 வாத்துகளுக்குச் சிறு விமானத்தில் முன்னால் பறந்து, ஒன்டாரியோவிலிருந்து அமெரிக்காவின் வர்ஜீனியா வரை வழி காட்டினார்கள். அடுத்த வசந்தத்தில் அவற்றில் பல தாமாகவே ஊர் திரும்பின. யாராவது ஒரு தடவை கூடப் போக வேண்டும், அவ்வளவுதான்.

மனிதரும் வாத்து ஜாதிதான், குயில் ஜாதி இல்லை. குடும்பக் கதை ரத்தத்தில் வராது.

1954 ஜூலையில் ஜெனீவா உடன்படிக்கை. அதே ஆண்டு நவம்பர் 1 புதுச்சேரி கைமாறியது. தாத்தாவுக்கு ஒரே வருடத்தில் வேலை பார்த்த ஊரும் மாறியது, பிறந்த ஊரும் மாறியது. பிறகு பிரெஞ்சுக் குடியுரிமையா, இந்தியக் குடியுரிமையா என்ற கேள்வி. ஒரே வீட்டில் அண்ணன் பிரான்ஸ், தம்பி இந்தியா என்று ஆன குடும்பங்கள் நம் ஊரில் எத்தனை! அந்தப் பெட்டிக்குள் இவ்வளவும் இருக்கிறது. கடைக்காரர் தரும் விலையில் இதில் எதுவும் சேராது.

இதைச் சொல்லக் காரணம் உண்டு. அந்தப் பெட்டி யாருக்கு என்று எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு மாதமாகப் பேச்சு. மூத்தவருக்கு என்கிறார்கள், பிரான்ஸில் இருப்பவர்களுக்கு என்கிறார்கள். விலை விசாரித்துப் பணத்தைப் பங்கு போடலாம் என்றும் ஒரு யோசனை வந்தது. மூடியில் ஏன் மூன்று பறவை என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. ஆயா எனக்குச் சொன்னது இது: "பெருசு ரெண்டும் நானும் ஒங்க தாத்தாவும். பின்னால போற குட்டி ஒங்கப்பன்." தாத்தா ஊரில் இல்லாத வருடங்களில் அப்பாவுக்கு அந்த மூடியைக் காட்டித்தான் சோறு ஊட்டினாராம்.

இதைத் தன் பிள்ளைக்குச் சொல்லப் போகிறவர் யாரோ அவரிடம் பெட்டி போகட்டும். பாரிஸில் இருந்தாலும் சரி, முத்தியால்பேட்டையில் இருந்தாலும் சரி.

வீட்டுக் கதைகளில் பாதி மிகைதானே என்று சிலர் கேட்பீர்கள். இருக்கலாம். மிகையைப் பிறகு சரி பார்த்துக்கொள்ளலாம். சொல்லாமல் போனதை யாராலும் மீட்க முடியாது. பெரிய மார்க்கெட் பக்கம் ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகை நிற்கிறது. தூணும் முற்றமும் மட்டும் இருந்திருந்தால் நமக்கு அவரைப் பற்றி என்ன தெரிந்திருக்கும்? 1736 முதல் 1761 வரை அவர் எழுதிய நாட்குறிப்பு 1846-இல் வெளியே தெரியவந்ததால்தான் துய்ப்ளேக்ஸ் காலத்துப் புதுச்சேரி இன்றும் நம்மோடு பேசுகிறது.

ஆகவே என் மாணவர்களுக்கு ஒரு வீட்டுப்பாடம். இந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டிலுள்ள மூத்தவர் பக்கத்தில் உட்காருங்கள். ஒரு பழைய பொருளை அவர் கையில் கொடுத்து, "இது எப்படி நம்ம வீட்டுக்கு வந்தது?" என்று கேளுங்கள். கைபேசியில் பதிவு செய்யுங்கள். ஒரு தாளில் எழுதி, தேதி போட்டு, அந்தப் பொருளோடு வையுங்கள். பழைய போட்டோவின் பின்பக்கம் பென்சிலால் பெயர் எழுதுங்கள்.

எழுதியதை இங்கே போடுங்கள். எழுத்துப் பிழைக்கு இந்த முறை மதிப்பெண் குறைக்க மாட்டேன்.