வண்டு பறப்பது தோப்பில், பிறப்பது எருக்குழியில்

தென்னங்குருத்து விரியும்போது ஓலை கத்தரியால் வெட்டின விசிறி மாதிரி வருதா? காண்டாமிருக வண்டு குருத்தைக் குடைந்துவிட்டுப் போயிருக்கிறது என்று அர்த்தம். நமக்கு இது ஊர்க்கார வண்டு, பழகின தொல்லை. பசிபிக் தீவுக்காரர்களுக்கோ இது வந்தேறி. 1909ல் இலங்கையிலிருந்து போன ரப்பர் கன்றுகளோடு சமோவா தீவில் இறங்கி, அங்கிருந்து தீவு தீவாகப் பரவியது.

அங்கே இதை அடக்கியது விஷ மருந்து இல்லை. மலேசியாவில் இந்த வண்டையே தாக்கும் ஒரு வைரஸைக் கண்டுபிடித்து, 1967ல் சமோவாவில் விட்டார்கள். வண்டு குறைந்தது. ஆனால் 2007ல் குவாம் தீவுக்கு வந்து சேர்ந்தது அந்த வைரஸுக்கு மசியாத ரகம். 2015ல் புயல் சாய்த்த மரங்கள் அங்கே மக்கிக் கிடக்க, அவ்வளவும் வண்டுக்குப் பிரசவ அறை ஆகிப்போச்சு. (கஜாவில் விழுந்த தென்னைகள் எத்தனை நாள் தோப்பிலேயே கிடந்தன என்று டெல்டாக்காரர்களைக் கேளுங்கள்.) 2013ல் ஹவாய்க்கும் வந்துவிட்டது. வீட்டுத் தோட்டத்துத் தென்னை, பனை வகைகளையெல்லாம் குடைகிறது. அதனால் மக்கு உரத்தையும் மூடாக்கையும் ஒரு தீவிலிருந்து இன்னொரு தீவுக்குக் கொண்டுபோகவே அங்கே கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள்.

நாம் என்ன செய்கிறோம்? எங்கிருந்தோ லாரியில் வரும் தொழு உரத்தை, கிளறிக்கூடப் பார்க்காமல் தோப்பில் கொட்டுகிறோம்.

"இயற்கை விவசாயம்னு சொல்லிக் குப்பையைக் குவிச்சு வண்டு வளர்க்கிறாங்க" என்று பக்கத்துத் தோப்புக்காரர் சொன்னால் நமக்குக் கோபம் வருது. பாதி நியாயம் அவர் பக்கம் இருக்குங்க. தாய் வண்டு முட்டையிடுவது மக்குகிற பொருளில்தான். புழுப்பருவம் மூன்று மாதத்திலிருந்து ஆறு மாதம் வரை. வருஷத்துக்கு ஒரு தடவை மட்டும் எருக்குழியைத் திறக்கிறவர், வண்டுக்கு வாடகையில்லா வீடு கொடுக்கிறார். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை புரட்டிவிட்டுக் கோழிகளைத் திறந்துவிட்டாலே சுருண்டு கிடக்கும் வெள்ளைப் புழு மிஞ்சாது. குழியில் மெட்டாரைசியம் பூஞ்சாணத்தைக் கலந்து ஈரம் காயாமல் வைத்தால், தப்பிய புழுவும் பச்சை பூத்து விறைத்துச் சாகும். சாய்ந்த மரத்தையும் பட்ட மரத்தின் கட்டையையும் தோப்பில் விடாதீங்க.

கன்றுகளுக்கு வேப்பங்கொட்டைத் தூள் ஒரு பங்கு, மணல் இரண்டு பங்கு கலந்து, மரத்துக்கு 150 கிராம் வீதம் உள் மூன்று மட்டைகளின் இடுக்கில் போடலாம். ஓட்டையில் சக்கை தள்ளியிருந்தால் கம்பிக் கொக்கியால் வண்டை இழுத்துவிடுங்கள். அந்தக் காயத்தைத் தேடித்தான் சிவப்புக் கூன்வண்டு வரும். அது வந்தால் மரமே போச்சு.

இனக்கவர்ச்சிப் பொறியை மட்டும் நம்பி உட்காருவதில் எனக்கு உடன்பாடில்லை. ஒருத்தர் மட்டும் மாட்டினால் ஊர் வண்டெல்லாம் அவர் தோப்பைத்தான் தேடி வரும். ஐந்து ஏக்கருக்கு ஒன்று என்று ஊரே சேர்ந்து, இளங்கன்றுகளுக்குத் தள்ளி வைக்க வேண்டும். அதற்கு முன்னால், கேலி பேசின அந்தப் பக்கத்துத் தோப்புக்காரரைக் கூப்பிட்டு நம்ம எருக்குழியைக் காட்டுங்க. அவர் தோப்பில் மக்கிக் கிடக்கும் கட்டைகளைப் பற்றியும் அப்போது பேசிக்கொள்ளலாம்.