பார்க்காத சரக்குக்குப் பொறுப்பு



சரக்கே வாங்கி வைக்காமல் வீட்டிலிருந்தபடி விற்கும் டிராப் ஷிப்பிங்கை முதலீடில்லாத தொழில் என்கிறார்கள். ஆனால் 2020-ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் விதிகளின்படி, சொன்னது ஒன்று வந்தது ஒன்று என்றால், பொருளைத் திரும்பப் பெற விற்பவர் மறுக்க முடியாது. கண்ணால் பார்க்காத சூரத் சேலைக்குத் திருப்பதிக்காரர் ஏன் பதில் சொல்ல வேண்டும்? பக்கத்திலேயே புவிசார் குறியீடு பெற்ற காளஹஸ்தி கலம்காரித் துணி இருக்கிறது. கையால் வரைந்ததா, அச்சடித்ததா என்று நேரில் போய்ப் பார்த்துவிடலாம். கைவேலைக்கு நாளாகுமே என்பார்கள். ஆகட்டும், அதை விளம்பரத்திலேயே சொல்லிவிடலாமே. இணையத்தில் விற்றால் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம் என்ற பயமும் பாதிதான் நியாயம். 2023 அக்டோபர் முதல், இணையத் தளம் வழியே மாநிலத்துக்குள் மட்டும் விற்கும் சிறு வியாபாரிக்குப் பதிவு கட்டாயமில்லை. சித்தூருக்கு அடுத்த வேலூருக்கு அனுப்பினால்தான் சிக்கல். அது வெளிமாநில விற்பனை, பதிவு வேண்டும்.

ஒரு வாசகர்,
திருப்பதி