கல்லைக் கொட்டினா கரை நிக்காது: பட்டினப்பாக்கம், அடையாறு பத்தி ஒரு த்ரெட்

1/ சென்னைக் கடற்கரையைக் காப்பாத்துறோம்னு மாநகராட்சியும் சிஎம்டிஏவும் போடுற திட்டங்களைப் பத்தி கொஞ்சம் நீளமா எழுதுறேன். நான் கடல் பொறியாளர் இல்ல, அரசு ஆஸ்பத்திரியில வேலை பாக்குற எம்பிபிஎஸ் டாக்டர். ஆனா நோயைத் தப்பாக் கண்டுபிடிச்சு மருந்து எழுதினா என்ன ஆகும்னு எனக்குத் தெரியும். இங்க நடக்குறது அதுதான்.

2/ 2022 செப்டம்பர்ல மாநகராட்சி காலநிலை செயல்திட்டத்தோட வரைவை வெளியிட்டுச்சு. 5 வருஷத்துல கடல் மட்டம் 7 செ.மீ உயரும், 100 மீட்டர் கரை மூழ்குற அபாயம் இருக்குன்னு அதுல இருந்துச்சு. அந்த வரைவு முதல்ல வந்தது இங்கிலீஷ்ல மட்டும். எதிர்ப்பு கிளம்பின பிறகுதான் தமிழ்ல வந்துச்சு. முதல்ல மூழ்கப்போறது குப்பம். அங்க இருக்கிறவங்களுக்குப் புரியாத பாஷையில கருத்துக் கேட்டா, படிக்க முடியாத ஃபார்ம்ல கைநாட்டு வாங்குற மாதிரிதான்.

3/ கடல் மட்டம் உயர்றது உண்மை. புயல் வலுவா வர்றதும் உண்மை. இதுல எனக்கு எந்தச் சந்தேகமும் இல்ல. ஆனா கரை போறதுக்கு அது மட்டும்தான் காரணம்னா ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்க. சீனிவாசபுரத்துல 2018-ல அலை வீடுகளை இழுத்துட்டுப் போச்சு. அங்கேருந்து கொஞ்ச தூரம் வடக்கே போனா மெரினா, நடந்து தண்ணியத் தொடுறதுக்குள்ள கால் வலிக்குது. அதே கடல், அதே மட்டம். எப்படி?

4/ பதில்: மணல். நம்ம கரையில மணல் சும்மா கிடக்கல, ஓடிக்கிட்டே இருக்கு. வருஷத்துல பெரும்பாலான மாசம் தெற்கேருந்து வடக்கே போகும். வடகிழக்குப் பருவமழைக் காலத்துல திரும்பும். ஊரூர் குப்பத்துல மீனவர்களைக் கேட்டா தெண்டி, வன்னின்னு நீரோட்டத்துக்குப் பேர் சொல்லியே விளக்குவாங்க. அவங்க சொல்றதை எந்த ஆலோசனைக் கம்பெனி ரிப்போர்ட்டும் மிஞ்சாது.

5/ 1870-களில் வெள்ளைக்காரன் துறைமுகச் சுவர் கட்ட ஆரம்பிச்சான். வடக்கே போன மணல் அந்தச் சுவர்ல முட்டி நின்னுச்சு. தெற்குப் பக்கம் சேர்ந்து சேர்ந்துதான் மெரினா இவ்வளவு அகலமாச்சு. வடக்குப் பக்கம் ராயபுரத்துலேருந்து திருவொற்றியூர் வரைக்கும் கரை கரைஞ்சுச்சு. நாம காத்து வாங்குற பீச்சும் அவங்க இழந்த வீடும் ஒரே கணக்குல வரவும் செலவும்.

6/ வடசென்னைக்கு என்ன வைத்தியம் பண்ணோம்? கல்லு. கடல் சுவர், அப்புறம் தூண்டில் வளைவு. ஒரு தூண்டில் வளைவு தனக்குத் தெற்கே மணலைப் பிடிச்சு வைக்கும், தனக்கு வடக்கே பட்டினி போடும். உடனே அடுத்த குப்பத்துல மறியல். அங்கேயும் கல்லு. இப்படியே எர்ணாவூர் வரைக்கும் போயாச்சு.

7/ என் தொழில்ல சொல்றேன். சர்க்கரை நோயாளி ஒருத்தர் காலைப் பாக்குறோம், விரல் கறுத்திருக்கு. சர்க்கரையும் காரணம், ரத்தக்குழாய் அடைப்பும் காரணம். "எல்லாம் சர்க்கரையாலதான்"னு சொல்லி மேல கட்டு மட்டும் போட்டு அனுப்பினா காலே போயிடும். காலநிலை மாற்றம் அந்தச் சர்க்கரை. மணல் தடைபட்டது அடைப்பு. சர்க்கரையை சென்னை மாநகராட்சி தனியா குறைக்க முடியாது. அடைப்பைப் பத்தி ஏதாவது பண்ண முடியும். அதைப் பத்திப் பேச்சே இல்ல.

8/ பேசுறது என்ன? மெரினாவுல மூங்கில் குடை, சாய்வு நாற்காலி, நீலக்கொடி சான்றிதழ். மெரினாவுலேருந்து கோவளம் வரைக்கும் சிஎம்டிஏவோட 100 கோடி ரூபாய் திட்டம். அதோட பேர்லயே ரீநரிஷ்மென்ட்னு ஒரு வார்த்தை இருக்கு, அதாவது கரைக்கு ஊட்டம் குடுக்கிறது. கரைக்கு ஊட்டம்னா மணல் சார். சைக்கிள் டிராக்கும் நடைபாதையும் இல்ல. சவலைப் பிள்ளைக்குப் புதுச் சட்டை போட்டா எடை ஏறாது.

9/ "வீடு இடியுற நேரத்துல கல்லு கேக்குறாங்க, மணல் கணக்கா பேசுவே?"ன்னு கேப்பீங்க. நியாயமான கேள்வி. ராத்திரி அலை வாசல்ல அடிக்கும்போது நானும் கல்லுதான் கேப்பேன். ஆனா ரத்தம் கொட்டுற கையில இறுக்கிக் கட்டுப் போட்டா, கட்டின நேரத்தைப் பக்கத்துலயே எழுதி வைப்போம். ஏன்னா அது மணிக்கணக்குல இருந்தா கையே செத்துடும். அவசரத்துக்குக் கொட்டுற கல்லுக்கு யாரும் நேரம் எழுதறதில்ல. அதுவே நிரந்தர வைத்தியம் ஆயிடுது.

10/ பாண்டிச்சேரியைப் பாருங்க. 1980-களில் துறைமுகம் கட்டினாங்க, நகரத்துக்கு முன்னால இருந்த மணல் பீச் காணாமப் போச்சு. கல்லைக் கொட்டினாங்க. அரிப்பு வடக்கே நகர்ந்து தமிழ்நாட்டு மீனவ கிராமங்களைத் தின்னுச்சு. பல வருஷம் கழிச்சு, நம்ம பள்ளிக்கரணையில இருக்கிற என்ஐஓடி நிறுவனம் தண்ணிக்கு அடியில ஒரு செயற்கைத் திட்டு அமைச்சு, மணலும் சேர்த்த பிறகுதான் தலைமைச் செயலகம் பக்கம் பீச் திரும்ப வந்துச்சு. முழுசா இல்ல, ஒரு பகுதி. மணலோட கணக்கைப் புரிஞ்சுக்கிட்டா ஏதாவது நடக்கும்ங்கிறதுக்கு இது உதாரணம்.

11/ இது ரெண்டு குப்பத்துப் பிரச்சினை இல்ல. தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம் 1990 முதல் 2018 வரைக்கும் பாத்த கணக்குல, தமிழ்நாட்டுக் கரையில சுமார் 43 சதவீதம் அரிப்புல இருக்கு. இந்தியா முழுக்க எடுத்தா சுமார் 34. கரையோர மேலாண்மைத் திட்டம் இல்லாம தூண்டில் வளைவு கட்டாதீங்கன்னு பசுமைத் தீர்ப்பாயத்தோட தென்மண்டல அமர்வே 2022-ல சொல்லிடுச்சு.

12/ எனக்கு உண்மையான பயம் வேற. காலநிலைன்னு ஒரு வார்த்தையைச் சொல்லியே குப்பத்துக்காரங்களை மட்டும் காலி பண்ணிடுவாங்க. சுனாமிக்கு அப்புறம் செம்மஞ்சேரிக்கு அனுப்பினோமே, மழை வந்தா அங்க முழங்கால் தண்ணி. கடல்லேருந்து காப்பாத்துறேன்னு கூட்டிட்டுப் போய் சதுப்பு நிலத்து ஓரமா விட்டோம்.

13/ இடம் மாத்தினா என்ன ஆகும்னு ஓபியில உக்காந்தா தெரியும். பிரஷர் மாத்திரை விட்டுப் போகும். டிபி மருந்து பாதியில நிக்கும். மீன் வித்த அம்மா ரெண்டு பஸ் மாறி வேலைக்கு வரணும், இல்ல வேலையை விடணும். பிள்ளை ஸ்கூலை விடும். இதெல்லாம் எந்தக் காலநிலைத் திட்டத்துலயும் செலவுக் கணக்குல வராது. அவங்க போன பிறகு அதே மணல்ல "அழகுபடுத்தல்" வரும் பாருங்க. கடல் ஆபத்துன்னா நடைபாதைக்கு மட்டும் ஆபத்து இல்லையா?

14/ சரி, என்னதான் பண்ணணும்?
• கோவளத்துலேருந்து மெரினா வரைக்கும் மணல் வரவு செலவை வருஷா வருஷம் அளந்து தமிழ்ல வெளியிடணும்.
• அடையாறு முகத்துவாரத்துல தூர்வாருற மணல் லாரியேறி வெளிய போகக்கூடாது. அரிச்ச கரைக்கே திரும்பணும்.
• மணல் மேல புதுசா காங்கிரீட் வேண்டாம். அடும்புக் கொடியும் ராவணன் மீசையும் மணலைக் கட்டி வைக்கிற செடிகள். குப்பைன்னு வாராதீங்க.
• வீடு போனவங்களுக்கு அதே குப்பத்துக்குள்ள, கரையிலேருந்து தள்ளி வீடு.
• தேனாம்பேட்டை, அடையாறு மண்டலங்கள்ல பகுதி சபையில வச்சுப் பேசாம ஒரு கல்லும் இறங்கக்கூடாது.

15/ மயிலாப்பூர், மந்தைவெளி, பெசன்ட் நகர் நண்பர்களே, நீங்க வாக்கிங் போற கரையும் இதுதான். அடுத்த பகுதி சபை எப்போன்னு உங்க கவுன்சிலர்கிட்ட கேளுங்க. போய் ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "இந்த வருஷம் நம்ம கரைக்கு எவ்வளவு மணல் வந்துச்சு, எவ்வளவு போச்சு?" பதில் இல்லைன்னா, அந்த ஏரியாவுல கரைப் பாதுகாப்புன்னு எந்த டெண்டர் போட்டாலும் எதிர்த்து நில்லுங்க. பக்கத்து வீட்டுக்காரங்களையும் கூட்டிட்டுப் போங்க.