லோ பண்ணினால் டயர் அப்படித்தான் தேயுமா?

சென்ற மாதம் அக்கா மகன் தன் மைவியில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தான். கிளம்பும்போது கையிலிருந்த சாவி நழுவி முன் சக்கரத்துக்கு அருகில் விழுந்தது. எடுத்துத் தரலாம் என்று குனிந்தவன், சாவியை மறந்து டயரையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெளிப்பக்கம் டயரின் பூ நன்றாகவே இருந்தது. உட்பக்க விளிம்பிலோ இரண்டு விரல் அகலத்துக்கு ரப்பரே இல்லை. எஃகுக் கம்பி வெளியே தெரிந்தது. டயர் மாற்றி ஐந்து மாதம்தான் ஆகிறது.

அதே டயரோடுதான் முந்தின வாரம் மூன்று நண்பர்களை ஏற்றிக்கொண்டு ஈப்போவுக்குப் போய், கொட்டும் மழையில் திரும்பி வந்திருக்கிறான்.

“லோ பண்ணுனா அப்படித்தான் மாமா தேயும். என் கூட்டாளிங்க எல்லாருக்கும் அப்படித்தான்” என்றான். வெயிலில் நின்றால் வியர்க்கும் என்று சொல்வதுபோல் அவ்வளவு சாதாரணமாகச் சொன்னான்.

காரைத் தாழ்த்தி ஓட்டும் இளைஞர்களைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. நானும் என் இளவயதில் ஒரு வீராவின் ஸ்பிரிங்கை வெட்டியவன்தான். (வெட்டாதீர்கள். வெட்டிய ஸ்பிரிங், சக்கரம் பள்ளத்தில் இறங்கித் தொங்கும்போது தன் இடத்தில் இறுக்கமாக உட்காராது. அன்று எனக்கு ஒன்றும் ஆகாமல் போனது என் அறிவால் அல்ல.) என் சண்டை காரின் உயரத்தோடு அல்ல, “அப்படித்தான் தேயும்” என்ற அந்தச் சமாதானத்தோடு. அது பாதி உண்மைகூட இல்லை.

காரைத் தாழ்த்தும்போது என்ன நடக்கிறது என்று பார்ப்போம். நம் ஊரில் அதிகம் ஓடும் சிறிய கார்களில் முன் சக்கரத்தைக் கீழே ஓர் ஆர்ம் தாங்கிப் பிடித்திருக்கிறது. ஸ்டீரிங்கிலிருந்து வரும் டை ரோட் என்ற இன்னொரு கம்பி அதே சக்கரத்தைத் திருப்புகிறது. இரண்டும் வெவ்வேறு நீளம், வெவ்வேறு இடத்தில் மாட்டப்பட்டவை. காரின் உடல் கீழே இறங்கும்போது இரண்டும் ஒரே வளைவில் நகர்வதில்லை. அதனால் சக்கரம் நேர்கோட்டை விட்டு இடமோ வலமோ சற்றுத் திரும்பிவிடுகிறது, அது டோ. கூடவே சக்கரத்தின் மேல்பகுதி உள்ளே சாய்ந்தும் விடுகிறது, அது கேம்பர்.

கேம்பர் கண்ணுக்குத் தெரியும். பின்னால் நின்று பார்த்தாலே சக்கரம் சாய்ந்திருப்பது தெரிவதால் எல்லாப் பழியும் அதன் மேல் விழுகிறது. ஆனால் டயரை வேகமாகத் தின்பது பெரும்பாலும் டோதான். கேம்பர் மட்டும் ஒன்றிரண்டு டிகிரி இருந்தால் உட்பக்கம் கொஞ்சம் முன்னதாகத் தேயும், அவ்வளவுதான். அதோடு டோவும் வெளிப்பக்கம் திரும்பியிருந்தால் ஐந்து மாதத்தில் கம்பி தெரியும்.

ஒரு சின்னக் கணக்கு, ஐந்தாம் படிவக் கணிதம் போதும். ஒரு சக்கரம் அரை டிகிரி திரும்பியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மைவி அளவு டயரில் அது முன் விளிம்புக்கும் பின் விளிம்புக்கும் இடையே 5 மில்லிமீட்டர் வித்தியாசம். கண்ணால் பார்த்தால் தெரியாது. ஆனால் கார் நேராக ஓடும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் அந்த டயர் ஏறக்குறைய 8.7 மீட்டர் பக்கவாட்டில் இழுபடுகிறது. கோலாலம்பூரிலிருந்து ஈப்போ சுமார் 200 கிலோமீட்டர். அங்கே போய்ச் சேர்வதற்குள் 1.7 கிலோமீட்டர் தூரம் டயரைத் தாரில் குறுக்காகத் தேய்த்த கணக்காகிறது. பள்ளி அழிப்பானைக்கூட நாம் அப்படித் தேய்ப்பதில்லை.

நல்ல செய்தி என்னவென்றால், முன் சக்கரத்தின் டோ எந்தக் காரிலும் திருத்தக்கூடிய ஒன்று. டை ரோடில் இருக்கும் நட்டைத் தளர்த்தி, கம்பியைச் சில சுற்று திருகினால் முடிந்தது. அலைன்மெண்ட் இயந்திரம் உள்ள எந்தக் கடையிலும் செய்வார்கள். செலவு ஒரு டயர் விலையில் பாதிகூட வராது. ஸ்போர்ட் ரிம்முக்கும் ஹைலோ செட்டுக்கும் ஆயிரக்கணக்கில் செலவு செய்கிறவன் இந்தச் சின்னத் தொகையில் ஏன் மிச்சம் பிடிக்கிறான் என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

இதில் பட்டறைகளுக்கும் பங்கு உண்டு. அக்கா மகனுக்கு ஸ்பிரிங் மாட்டிய பட்டறையில் அலைன்மெண்ட் இயந்திரமே இல்லை. “ஸ்டீரிங் இழுத்தா போய்ச் செஞ்சுக்கோ” என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். இரண்டு பக்கமும் ஒரே அளவு திரும்பியிருந்தால் ஸ்டீரிங் எந்தப் பக்கமும் இழுக்காது, கார் நேராகத்தான் போகும். அவன் காரும் அப்படித்தான் போனது. ஸ்பிரிங் மாற்றும் விலையோடு அலைன்மெண்ட் விலையையும் சேர்த்தே சொல்வது நேர்மையான வியாபாரம். அப்படிச் செய்கிற பட்டறைகளும் இருக்கின்றன. அவர்களைத் தேடிப் போங்கள்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. “இந்தக் கூத்தெல்லாம் எதற்கு?” என்று திட்டுவதோடு நம் வேலை முடிந்துவிட்டதாக நினைக்கிறோம். திட்டு வாங்கிய பையன் ஸ்பிரிங்கைக் கழற்றுவதில்லை. தேய்ந்த டயரைப் பற்றி வீட்டில் வாய் திறப்பதை நிறுத்திவிடுகிறான். பிறகு கையில் இருக்கும் காசுக்குச் செகண்ட் ஹேண்ட் டயர் வாங்கி மாட்டுகிறான், அல்லது பின் டயரை முன்னுக்கும் முன் டயரைப் பின்னுக்கும் மாற்றிப் போடுகிறான். கோளாறு அப்படியே இருக்கிறது, அடுத்த டயர் தேய ஆரம்பிக்கிறது.

உரிமம் எடுக்கும்போது ஆர்பிகே என்று ஒரு பரிசோதனை சொல்லித் தருகிறார்கள். காரைச் சுற்றி வந்து என்ஜின் எண்ணெய், தண்ணீர், டயர் என்று மனப்பாடமாக ஒப்பிக்கிறோம். தேர்வு முடிந்ததும் அதை மறந்துவிடுகிறோம். மறக்காதவர்களும் நின்றபடி பார்ப்பதால் டயரின் வெளிப்பக்கம் மட்டுமே கண்ணில் படுகிறது. தாழ்த்திய காருக்கு அது போதாது. ஸ்டீரிங்கை ஒரு பக்கம் முழுக்கத் திருப்பி நிறுத்தினால் ஒரு முன் டயரின் உட்பக்கம் தெரியும். மறுபக்கம் திருப்பினால் இன்னொன்று. பின் டயர்களுக்குக் கைப்பேசியைக் கீழே நீட்டி உட்பக்கத்தைப் படம் எடுத்துப் பாருங்கள்.

உள்ளங்கையால் டயரின் குறுக்கே தடவியும் பார்க்கலாம். கம்பி ஏதும் வெளியே தெரியவில்லை என்று முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். ஒரு திசையில் வழவழப்பாகவும் எதிர்த்திசையில் ரம்பப் பல்போலக் கூர்மையாகவும் இருந்தால் டோ கோளாறு என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். பூவின் பள்ளங்களுக்குள் சிறிய மேடுகள் இருக்கும். ரப்பர் அந்த மேட்டுக்குச் சமமாகத் தேய்ந்துவிட்டால் மிச்சம் இருப்பது 1.6 மில்லிமீட்டர்தான். ஒரு விளிம்பு மட்டும் அந்த நிலைக்கு வந்தாலும் டயர் முடிந்தது என்றுதான் பொருள். நம் நாட்டு மழையில் சாலையில் தேங்கும் தண்ணீரைக் கிழித்து வெளியேற்றுவது அந்தப் பள்ளங்கள். அவை இல்லாத இடத்தில் டயர் தண்ணீரின் மேல் மிதக்கும். கம்பி தெரியும் டயர் மழைக்காகக்கூடக் காத்திருக்காது. 110 கிலோமீட்டர் வேகத்தில் எப்போது வேண்டுமானாலும் வெடிக்கலாம்.

அலைன்மெண்ட் செய்யப் போனால் சும்மா உட்கார்ந்து கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். போல் ஜாயிண்ட், டை ரோட் முனை, ஆர்ம் புஷ் ஆகியவற்றில் ஆட்டம் இருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள். ஆடுகிற பாகத்தை வைத்து எடுத்த அளவு கடை வாசலைத் தாண்டும் முன்பே மாறிவிடும். திருத்துவதற்கு முன்னும் பின்னும் இருந்த அளவுகள் அச்சிட்ட சீட்டைக் கேட்டு வாங்குங்கள். ஸ்பிரிங் புதிதாக மாட்டியிருந்தால் சில நூறு கிலோமீட்டர் ஓடி அது படிந்த பிறகு மறுபடியும் ஒருமுறை அளந்து பார்ப்பது நல்லது.

எல்லாவற்றையும் திருத்திவிட முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். மைவி, சாகா போன்ற கார்களில் பின் சக்கரங்கள் இரண்டும் ஒரே இரும்புத் தண்டில் நிற்கின்றன. அங்கே திருகுவதற்கு ஒன்றும் கிடையாது. மெல்லிய தகடு செருகித்தான் சரிசெய்ய வேண்டும், எல்லாக் கடைகளும் அதைச் செய்வதில்லை. மட்கார்டுக்குள் விரல்கூட நுழையாத அளவுக்குத் தாழ்த்திய காரை எந்த இயந்திரமும் நேராக்காது. அந்த உயரத்தில் எப்சோர்பர் வேலை செய்ய இடமே இருக்காது. அதற்கு மேலும் தாழ்த்த நினைப்பவர்கள் சாலைப் போக்குவரத்து இலாகாவின் விதிகளை முதலில் விசாரித்துக்கொள்ளட்டும்.

அக்கா மகனை அன்று அந்த டயரோடு போக விடவில்லை. ஸ்பேர் டயரை மாட்டி, பக்கத்தில் இருந்த டயர் கடை வரைக்கும் மெதுவாக ஓட்டிப் போனோம். இரண்டு முன் சக்கரங்களும் ஆளுக்கு அரை டிகிரி வெளிப்பக்கம் திரும்பியிருந்தன. திருத்த முக்கால் மணி நேரம் ஆனது. கார் இன்னும் தாழ்ந்துதான் நிற்கிறது, அதில் அவன் விட்டுக்கொடுக்கவில்லை.

நேற்று இரவு வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தான். கைப்பேசியைக் கீழே நீட்டி எடுத்த, கொஞ்சம் கலங்கிய படம். இடது பின் டயரின் உட்பக்கம். “மாமா, இது ஓகேவா?” என்று கேட்டிருந்தான். படத்தில் தெரியவில்லை, காலையில் கையால் தடவிப் பார்த்துச் சொல் என்று பதில் போட்டிருக்கிறேன்.